உருகும் தொட்டில்

ஓர் உயிரினத்திற்கு மக்கள் சூட்டிய பெயரைப் பார்த்தாலே, அதனை அவர்கள் எந்தக் கண்ணோடு கண்டார்கள் என்பது ஓரளவு விளங்கிவிடும். வட பசிபிக் பெருங்கடலின் குளிர்ந்த விளிம்புகளில் ஒரு சீல் இனம் வாழ்கின்றது. வெளிர்சாம்பல் நிற உடலெங்கும் கரும்புள்ளிகளை அள்ளித் தெளித்தாற்போல் இருக்கும். சீனர் அதனைப் 'புள்ளிக் கடற்சிறுத்தை' என்கின்றனர். கொரியர் 'புள்ளி நீர்ப்புலி' என்கின்றனர். ஜப்பானியரோ அப்புள்ளிகளில் சமையலறையின் எள்ளைக் கண்டனர். 'எள் தூவிய சீல்' என்பது அவர்கள் இட்ட பெயரின் பொருள். ரஷ்யர் 'லார்கா' என்கின்றனர். 1811-இல் இவ்வினத்திற்கு அறிவியற் பெயர் சூட்டிய பீட்டர் சைமன் பல்லாஸ் என்னும் இயற்கை அறிஞர், அச்சொல்லையே அதில் சேர்த்துக்கொண்டார். நாம் பாடநூல்களில் 'கடல்நாய்' என்று எழுதுகிறோம். புலி, சிறுத்தை, நாய் என்று மனிதர் எத்தனை பெயரிட்டு அழைத்தாலும், அது தன் போக்கில் பனிக்கும் நீருக்கும் இடையே வாழ்ந்து வருகிறது.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பாடத்திட்டம் அனுமதித்த நேரத்தில், சீல் இனங்களைப் பற்றி வகுப்பில் நாலைந்து வரிகளுக்கு மேல் சொல்ல வாய்ப்பிருந்ததில்லை. ஓய்வுக் காலத்தில் அவற்றைப் பற்றி நிதானமாகப் படிக்கத் தொடங்கிய பிறகு, இந்தப் புள்ளிச் சீலின் வாழ்க்கை என் சிந்தையை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் அதன் அழகன்று. அது தன் குட்டியை ஈனுவதற்குத் தேர்ந்துகொண்ட இடம்.

முதலில் அதன் கடல் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். வளர்ந்த புள்ளிச் சீல் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலான நீளமும், 80 முதல் 120 கிலோ வரையிலான எடையும் கொண்டது. வெளியே நீட்டிய காது மடல் கிடையாது. காது இருக்கும் இடத்தில் சிறு துளை மட்டுமே உண்டு. பின்துடுப்புகளை முன்பக்கம் மடக்கி நடக்க இயலாது. ஆதலால் தரையிலும் பனியிலும் வயிற்றை உந்தி உந்திக் கம்பளிப் புழுவைப்போல் நகரும். பார்ப்பவருக்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் நீருக்குள் இறங்கிய அக்கணமே அதன் தடுமாற்றமெல்லாம் மறைந்துவிடும். 300 மீட்டர் ஆழம் வரை மூழ்க வல்லது அது. நாம் மூழ்குவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வோம். சீல் இனத்தவையோ மூச்சை வெளியே விட்டுவிட்டு மூழ்குகின்றன. அவற்றுக்கு வேண்டிய உயிர்வளி நுரையீரலில் அன்று, குருதியிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. மூழ்கியதும் இதயத் துடிப்பு வெகுவாகக் குறைந்து, அந்தச் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறது.

ஆழத்தில் ஒளி இல்லை. ஆயினும் இரை தப்புவதில்லை. இதன் நெருங்கிய உறவினமான துறைமுகச் சீலைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர்கள் செய்த ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. சீலின் கண்களை மறைத்து, செவிகளையும் ஓசை எட்டாதபடி மூடி, சிறியதொரு நீர்மூழ்கிப் பொம்மையை முன்னே ஓடவிட்டனர். பொம்மை போன வழியிலேயே சீலும் போயிற்று. தண்ணீரில் அது விட்டுச் சென்ற சலனத்தை மீசை மயிர்களால் மட்டுமே உணர்ந்து பின்தொடர்ந்தது. நாம் நீரில் தடம் இல்லை என்று எண்ணுகிறோம். சீலுக்கோ மீன் கடந்து போன பின்னும் அதன் சுவடு நீரில் எஞ்சியிருக்கிறது. பொல்லாக், ஹெர்ரிங் முதலிய மீன்களும் கணவாயும் இறால் வகைகளும் இவ்வாறே அதற்கு உணவாகின்றன.

இத்துணை தேர்ச்சியோடு கடலில் வாழும் விலங்கு, கடலிலேயே ஈன்றுவிடலாகாதா? திமிங்கிலமும் ஓங்கிலும் அப்படித்தானே ஈனுகின்றன? சீலால் அது முடியாது. அதற்கு ஓர் உலர்ந்த தளம் வேண்டும். புள்ளிச் சீல் அத்தளத்தைக் கடலின் மேலேயே தேடிக்கொண்டது: குளிர்காலத்தில் கடல் உறைந்து உண்டாகும் பனிப்பாளம். தரையில் ஓநாயும் நரியும் கரடியும் திரியும். கடலின் நடுவே மிதக்கும் பாளத்திற்கு அவை எளிதில் வருவதில்லை. தாய்க்குப் பசித்தால் விளிம்பிலிருந்து நழுவினாலே கடல். பாதுகாப்பும் உணவும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது. ஒரே ஒரு குறை, அது உருகிவிடும்.

ஆகவே காலம் மிக நுட்பமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது. தென்கோடியில், சீனாவின் போகாய் கடலைச் சேர்ந்த லியாவ்துங் வளைகுடாவில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. வடக்கே ஒக்கோட்ஸ்க் கடலில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், இன்னும் வடக்கே பியரிங் கடலில் ஏப்ரலை ஒட்டியும் பிறக்கின்றன. பனி எந்த இடத்தில் எப்போது உறுதியாக இருக்குமோ, அந்த இடத்தில் அப்போது பிறப்பு நிகழ்கிறது. நாட்காட்டி இல்லாத விலங்குக்கு இது எவ்வாறு இயல்கிறது? விலங்கியலில் இதற்கு விடை உண்டு. குட்டி பால் மறந்த பின் தாய் மீண்டும் இணை சேர்கிறது. ஆயின் உண்டான கரு உடனே வளர்வதில்லை. சில மாதங்கள் கருப்பைச் சுவரில் பதியாமலே காத்திருந்து, அதன் பின்னரே பதிந்து வளரத் தொடங்குகிறது. இந்தக் காத்திருப்பினால்தான் அடுத்த பிறப்பு அடுத்த ஆண்டின் பனிக்காலத்தோடு பொருந்திவருகிறது. காலடியில் இவ்வாண்டின் பனி உருகிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தாய் அடுத்த ஆண்டின் பனியை நம்பிக் கருவுறுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பனிப்பாளத்தின் மேல் தாயும் குட்டியும், அவற்றின் அருகே ஓர் ஆணுமாக மூன்று சீல்கள் ஒன்றாகக் கிடப்பதை ஆய்வாளர்கள் குறித்துள்ளனர். ஒரு மூவர் குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே நல்ல இடைவெளி இருக்கும். இக்காட்சியின் ஒளிப்படத்தைப் பார்க்கும் நம் மனம் உடனே தந்தை, தாய், மகவு என்று ஒரு குடும்பத்தைக் கற்பித்து நெகிழத் தொடங்கும். சற்றுப் பொறுத்தல் நன்று. அந்த ஆண் அக்குட்டியின் தந்தையாக இருக்க வேண்டுமென்பதில்லை. குட்டி பால் மறந்தபின் தாயோடு இணை சேரும் பொருட்டே அது அங்கே காத்துக் கிடக்கிறது. விலங்கை விலங்காகவே பார்ப்பதுதான் அதற்கு நாம் தரும் முதல் மரியாதை. நம் ஒழுக்கங்களை அதன் மேல் ஏற்றிப் போற்றவும் வேண்டாம். அவை அதனிடம் இல்லையென்று தூற்றவும் வேண்டாம்.

பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ பத்துக் கிலோ எடையிருக்கும். உடலெங்கும் பஞ்சுபோன்ற நீண்ட வெண்மயிர். இந்த வெண்மயிர் உலர்ந்திருக்கும் வரையில்தான் வெப்பம் காக்கும். நனைந்தால் பயனற்றுப் போகும். தோலுக்கு அடியில் கொழுப்பு இன்னும் சேரவில்லை. ஆகவே இந்நிலையில் பனி உடைந்து குட்டி கடலில் விழுந்தால், கடற்பிராணியான அதுவே குளிரில் விறைத்து மடியக்கூடும். தாய் ஊட்டும் பாலில் பசுவின் பாலைக் காட்டிலும் பல மடங்கு கொழுப்பு செறிந்திருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் குட்டி ஏறத்தாழ மும்மடங்கு எடை பெறுகிறது. வெண்மயிர் உதிர்ந்து, உள்ளே காத்திருந்த புள்ளித் தோல் வெளிப்படுகிறது. அத்தோடு தாயின் பணி முடிகிறது. மீன் பிடிக்க அது கற்றுத் தருவதில்லை, வழி காட்டுவதுமில்லை. ஒரு நாள் போய்விடுகிறது. குட்டி சேர்த்து வைத்த கொழுப்பின் பலத்தில் சில நாட்கள் கிடந்து, பிறகு தானே நீரில் இறங்கி, சிறு இறால் வகைகளைப் பிடிப்பதில் தொடங்கி, கடலைத் தானே கற்றுக்கொள்கிறது. விபத்துக்குத் தப்பினால் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும்.

இந்த நீண்ட வாழ்வுக்கெல்லாம் அடிப்படை, தொடக்கத்திலுள்ள ஒரு மாதம். அந்த ஒரு மாதம் காலடியில் பனி உடையாமல் இருக்க வேண்டும். எவரும் வந்து தொல்லை செய்யாமலும் இருக்க வேண்டும். வேறொன்றும் அது கேட்கவில்லை.

அதனைக் கொல்வோர் எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. பியரிங் கடற்கரையில் வாழும் யூபிக், இனுபியாக் போன்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சீலை வேட்டையாடி, இறைச்சியை உண்டு, எண்ணெயைச் சேமித்து, தோலை உடுத்து வாழ்ந்தவர்கள். பயிர் விளையாத மண்ணில் அதுவே அவர்களுக்கு வயலும் தோட்டமும். அமெரிக்கா 1972-இல் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபோது, அலாஸ்காப் பழங்குடியினரின் இவ்வுரிமையை விட்டுவைத்தது. இன்றும் பியரிங் கடலின் அமெரிக்கப் பகுதியில் மட்டும் இச்சீல்கள் நான்கரை இலட்சத்துக்கு மேல் இருப்பதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இனம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று.

தென்கோடியான லியாவ்துங் வளைகுடாவின் கதை வேறு. அங்கே 1940-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 8,000 சீல்கள் இருந்தன என்பது மதிப்பீடு. தோலுக்காகவும் மருந்துச் சரக்குக்காகவும் நடந்த வேட்டையில், 1979-இல் அவை 2,300 அளவுக்குச் சுருங்கின. வேட்டை தடை செய்யப்பட்டது. தாலியான் நகரையொட்டிய கடற்பகுதியில் 1992-இல் காப்பகம் அமைக்கப்பட்டு, 1997-இல் தேசியக் காப்பகமாக உயர்த்தப்பட்டது. 2021-இல் சீன அரசு இச்சீலைத் தன் பாதுகாப்புப் பட்டியலின் முதல் நிலைக்கு உயர்த்தியது. இருந்தும் அந்த மந்தை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு 2019 பிப்ரவரியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றே சான்று. தாலியான் காவல்துறையினர் கடலோரப் பண்ணையொன்றில் நுழைந்தபோது, அங்கே 100 சீல் குட்டிகள் அடைத்து வைக்கப்பட்டிருக்கக் கண்டனர். பிறந்து சில நாட்களே ஆனவை. பனிப்பாளத்திலிருந்து தாயின் கண்ணெதிரே அள்ளிவரப்பட்டவை. நீரியல் காட்சிக் கூடங்களுக்கு விற்பதே கள்வரின் நோக்கம். அடைப்பிலேயே பல மடிந்தன. மீட்ட பின்னும் சில மடிந்தன. ஏறத்தாழ அறுபது குட்டிகள் மட்டும் தேறி, அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் கடலில் விடப்பட்டன. பசிக்காக ஒரு சீலைக் கொல்லும் பழங்குடி வேடன், அந்த உயிரின் விலையை அறிந்திருந்தான். பால் மறவாத நூறு குட்டிகளைக் கொட்டகையில் அடைத்தவர்களோ சந்தை விலையை மட்டுமே அறிந்திருந்தனர். அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் கண்ணாடித் தொட்டிக்கு முன்னே நுழைவுச்சீட்டு வாங்கி நிற்போர் இருப்பதால்தானே குட்டிக்கு விலை பிறந்தது? அந்த வரிசையில் நின்று பிள்ளைகளைத் தூக்கிக் காட்டும் நம்மைப் போன்றோருக்கும் இக்கேள்வியில் பங்குண்டு.

லியாவ்துங்கில் பிறந்த சீல்கள் கோடையில் அங்கே தங்குவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி மஞ்சள் கடலுக்கு வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி, தென்கொரியாவின் ஆட்சிக்குட்பட்ட பெங்னியோங் தீவைச் சுற்றிய பாறைகளில் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை தங்குகின்றன. ஆண்டுதோறும் 200 முதல் 300 வரை அங்கே காணப்படுகின்றன. தென்கொரிய அரசு 1982-இலேயே இவ்விலங்கை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது.

என் மகள் இஞ்சியோன் நகரில் ஆய்வுப் பணியில் இருந்தபோது, 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவளோடு அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இஞ்சியோனிலிருந்து கப்பலில் நான்கு மணி நேரப் பயணம். கரையில் இறங்கியதும் கண்ணில் படுபவை முள்கம்பி வேலிகளும் படைவீரர்களும். எதிரே பதினைந்து கிலோமீட்டர் அளவில் வடகொரியாவின் முனை மங்கலாகத் தெரிகிறது. நடுவே கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு. நீர் வற்றும் வேளையில் பாறைகள் தலைகாட்டின. தொலைநோக்கியில் பார்த்தபோது, ஒவ்வொரு பாறையிலும் தலையையும் வாலையும் உயர்த்தி வாழைப்பழம்போல் வளைந்து கிடந்தன அந்தப் புள்ளி உருவங்கள். இடம் போதாமல் ஒன்றையொன்று உந்தித் தள்ளிக்கொண்டன. இந்த நெருக்கடியைக் கண்டுதான் 2018-இல் அந்நாட்டு அரசு, கடலில் கற்களை அடுக்கிச் செயற்கைத் தீவு ஒன்றை அவற்றிற்காக அமைத்தது. அதன் அடிப்பகுதி மீன்கள் பெருகும் இடமாகவும் பயன்பட வேண்டும் என்பது திட்டம்; மீனவரும் பயன் பெற வேண்டுமல்லவா? அடுத்த ஆண்டு கோடையிலேயே சீல்கள் அதன் மேல் ஏறிப் படுக்கத் தொடங்கின.

கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். என் மகள் இடையே நின்று மொழிபெயர்த்தாள். "இந்தச் சீல்கள் மீது உங்களுக்குக் கோபம் இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லையென்றால் பொய். இந்தக் கிழிசலைப் பாருங்கள். மீனையும் தின்று வலையையும் கிழித்துவிட்டுப் போகும். தைப்பவன் நான்தானே?" என்றார்.

சற்று நேரம் ஊசி மட்டும் நகர்ந்தது. பிறகு எதிர்க்கரையை நோக்கி முகத்தைத் திருப்பினார். "என் தந்தையார் பிறந்த ஊர் அங்கேதான். போரின்போது இங்கே ஓடிவந்தவர். திரும்பிப் போகாமலே இறந்தார். நானும் அந்தக் கரையை மிதித்ததில்லை. இதுவோ நினைத்தபோது அங்கே போகிறது, வருகிறது. அதைப் பார்க்கும்போது கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை" என்றார்.

மகள் அதை மொழிபெயர்த்தபோது அவள் குரல் தாழ்ந்தது. "அப்பா, இவர் சொன்னதை அப்படியே சொல்ல எனக்குச் சொல் போதவில்லை" என்றாள். எனக்குப் போதியது.

சீனாவில் பிறந்து, கொரிய எல்லையின் இருபுறமும் மேய்ந்து, குளிர் தொடங்கியதும் மீண்டும் பிறந்த இடத்துக்கு மீளும் ஓர் உயிரை எந்த ஒரு நாடும் தனியே காப்பாற்றிவிட முடியாது. ஒருவர் காத்ததை இன்னொருவர் கைவிட்டால் உழைப்பு முழுதும் வீணே. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத அரசுகளும் இந்தச் சீலின் பொருட்டு ஒரே கடமைக்கு உட்பட்டிருக்கின்றன.

ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று இன்று குறைந்துகொண்டிருக்கிறது. அதுதான் பனி. பியரிங் கடலில் 2018-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உண்டான பனி, பதிவேடுகள் காட்டும் ஆண்டுகளிலெல்லாம் மிகக் குறைவானது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அலாஸ்காவின் கரைகளில் பனிச் சீல்கள் பல இறந்து ஒதுங்கின. அவற்றில் புள்ளிச் சீல்களும் இருந்தன. வழக்கத்துக்கு மாறான இறப்பு நிகழ்வு என்று 2019 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, 2010-இல், தெற்குப் பகுதியின் புள்ளிச் சீல்களை அச்சுறுத்தலுக்குள்ளான கூட்டமாக அந்நாடு பட்டியலில் சேர்த்திருந்தது. தன் நாட்டுக் கடலில் வாழாத விலங்குக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு நாடு கவலையைப் பதிவு செய்தது என்பது நினைக்கத்தக்கது.

பனி இல்லாவிட்டால் என்ன செய்யும்? இதற்கு ஒரு பகுதி விடை ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக்கை அடுத்த மகா பீட்டர் விரிகுடாவில் கிடைக்கிறது. அங்குள்ள சீல்கள் பாறைத் தீவுகளின் கரையிலேயே குட்டி ஈனுகின்றன. 1978-இல் அமைந்த கடற்காப்பகத்தின் பாதுகாப்பில், மனிதக் காலடி அரிதான தீவுகளில் அவை நிம்மதியாக வளர்கின்றன. ஆகவே இவ்விலங்கு பனியின்றியும் ஒருவாறு பிழைக்கக் கற்கும் ஆற்றல் உடையது. ஆயின் அதற்கு மனிதர் விலகி நிற்கும் கரை வேண்டும். துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கும் லியாவ்துங் வளைகுடாவில் அத்தகைய கரை எங்கே? பனிப்பாளத்தை இழந்தவற்றிற்குக் கரையையும் மறுத்துவிட்டால், அவை வேறெங்கே ஈனும்?

இக்கடல்களை நம்மில் பலர் வாழ்நாளில் காணப்போவதில்லை. ஆயினும் வானில் கலக்கும் புகைக்கு எல்லை இல்லை. நாம் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் உலகின் மறுகோடியிலுள்ள பனியின் கனத்தைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கில் நம் பங்கு சிறிதாக இருக்கலாம். அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியவர்கள் நாமே. அணைக்க மறந்த விளக்கும், நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு எடுக்கும் வண்டியும் அந்தக் கணக்கில் சேருபவை. ஆனால் பெரும்புகை எழுவது ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் என்பதால், அவற்றைப் பற்றித் தீர்மானிப்போரிடம் கேள்வி கேட்பதும் நம் கடமையில் அடங்கும்.

இதோ, வரும் குளிர்காலத்திலும் லியாவ்துங் வளைகுடாவில் கடல் உறையத் தொடங்கும்போது, கருவுற்ற சீல்கள் வடக்கு நோக்கி வந்து சேரும். சென்ற ஆண்டு நம்பிய பனி அங்கே இருக்கிறதா என்று விளிம்பில் முகத்தை நீட்டிப் பார்க்கும். இருந்தால் ஏறிப் படுத்து ஈனும். அவற்றுக்கு வேண்டியது ஒரு மாதம் தாங்கும் தளம். அந்த ஒரு மாதம் எவரும் அங்கே வராத அமைதி. இவ்வளவு சிறிய தேவையுடைய ஓர் உயிருக்கு இடம் தர மனிதகுலம் மனம் கொள்ளுமா என்பதே கேள்வி.